ஊர்க்கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்ட பிள்ளைகளுக்கு

ஓசூர், பெங்களூர், திருப்பூர் என்று திசைக்கொருவராக வேலைக்குப் போய், பண்டிகைக்கும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறுக்கும் இண்டூரில் வந்து இறங்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் பென்னாகரம் ரோட்டில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். ஓட்டல்காரன் இல்லை, ஓட்டல்காரனுக்குச் சொந்தக்காரனும் இல்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வர நேரம் இல்லாததால் மதியச் சாப்பாட்டை வருஷக்கணக்கில் கடையிலேயே முடித்துக்கொள்கிறவன். அந்தத் தகுதியில்தான் இந்த மடல்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனில் நீங்கள் போட்டுவைத்திருக்கும் நட்சத்திரங்களை என் பட்டறைப் பையன் ஒரு நாள் வாசித்துக் காட்டினான். ஏசி இல்லையாம். மெனு கார்டு இல்லையாம். மூன்று மணிக்குப் போனால் சாப்பாடு முடிந்துவிட்டது என்கிறார்களாம். சர்வர் முகத்தில் சிரிப்பே இல்லையாம். இதற்கெல்லாம் ஒரு நட்சத்திரம், மிஞ்சினால் இரண்டு. அதே கடைக்கு ஐந்து நட்சத்திரம் அள்ளிக் கொடுத்த ஒரு தம்பி எதை மெச்சியிருந்தார் தெரியுமா? செக்கச் செவேல் என்று இருந்த சில்லி சிக்கனை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அங்கேதான். திட்ட வேண்டியதை மெச்சியிருக்கிறீர்கள், மெச்ச வேண்டியதைத் திட்டியிருக்கிறீர்கள்.

கடைப் பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நான் யார் பக்கம் என்று நாளைக்கே கணக்குப் போட்டுவிடுவார்கள். எனக்கு மதியச் சாப்பாடு முக்கியம்.

முதலில் இந்தக் கடைகள் யாருக்காக அடுப்புப் பற்றவைக்கின்றன என்று பாருங்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகிற சாலையில் நம் ஊர் இருக்கிறது. ஞாயிறு வந்தால், ஆடிப்பெருக்கு வந்தால், கார் வரிசை பிடித்துப் போகும். ஆனால் ஒகேனக்கல் போகிறவர், எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றோரச் சமையல்கார அம்மாக்களிடம் மீனை வாங்கிக் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிடும் ஆசையோடுதான் வீட்டை விட்டே கிளம்புகிறார். இண்டூரில் அவர் வண்டியை நிறுத்துவது ஒரு டீக்கும் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கும். அவரை நம்பி இங்கே யாரும் உலை வைப்பதில்லை.

உலை வைப்பது தினம் வருகிறவர்களுக்கு. விடிந்ததும் முதல் ஈடு இட்லியில் கைவைப்பது கொத்தனாரும் சித்தாளும். பிறகு பஸ் டிரைவர், கண்டக்டர். தருமபுரியில் குடியிருந்துகொண்டு இங்கே வந்து போகும் வாத்தியார்கள். மருந்துக் கம்பெனி பையோடு அலையும் பையன்கள். மதியத்துக்கு என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள். அப்புறம் ஒரு வகை உண்டு: மனைவி தவறிப் போய், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஒற்றை ஆளுக்கு அடுப்பு மூட்டச் சலித்துப் போன பெரியவர்கள். உங்களில் இரண்டு மூன்று பேர் மாதாமாதம் அந்தக் கடைக்கு ஜிபேயில் பணம் அனுப்புகிறீர்கள், அப்பா சாப்பாட்டுக் கணக்குக்காக. எனக்குத் தெரியும், பணம் வந்துவிட்டது என்று கல்லாவில் இருக்கும் பெட்டி கத்தும்போது பக்கத்தில்தான் இருப்பேன். அதே கடைக்குத்தான் ஒற்றை நட்சத்திரமும் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் அப்பாவுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அவர் உட்காரும் மேசை சுவரோரம், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி. சுகர் இருப்பது சர்வருக்குத் தெரியும். சோற்றைக் குறைத்து, பொரியலை இரண்டு கரண்டியாக வைப்பார். கீழ்ப்பல் இல்லாத இன்னொரு பெரியவருக்கு அப்பளத்தைக் குழம்பில் நனைத்துத்தான் வைக்கிறார். யாராவது ஒருவர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல வரவில்லை என்றால், பாத்திரம் கழுவுகிற அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போகிறார். இதற்கு நட்சத்திரம் போட அந்தப் போனில் இடமே இல்லை.

மெனு கார்டு விஷயம். "என்ன இருக்கு?" என்று கேட்டால் சர்வர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதில் எது சூடாக இருக்கிறதோ அது முதலில் வரும், எது தீரும் நிலையில் இருக்கிறதோ அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். பழகியவனுக்கு அது போதும். மூன்று மணிக்குச் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்றால் காலையில் போட்ட கணக்கு சரியாக இருந்தது என்று பொருள். இத்தனை படி அரிசி, இத்தனை கிலோ பருப்பு, இத்தனை இலை. மூன்று மணிக்கும் எல்லாம் நிறைய இருக்கிற கடையில்தான், மீந்த குழம்பு ராத்திரி எந்தப் பெயரில் மேசைக்கு வரும் என்று நான் யோசிப்பேன்.

சர்வர் சிரிக்கவில்லை என்ற புகாரை அவரிடமே வாசித்துக் காட்டினேன். அப்போதுதான் சிரித்தார்.

விலை ஏறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏறித்தான் இருக்கிறது. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. கடைக்காரர் வாங்க வேண்டியது 19 கிலோ வணிக சிலிண்டர். அதன் விலை மாதம் பிறந்தால் மாறும். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு நமக்குப் பக்கம், தக்காளிக்குப் பேர்போன மார்க்கெட். ஆனாலும் 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்கும்படி ஆயிற்று. அப்போது நம் ஊர்க் கடைகளில் தக்காளிச் சட்னி கேட்டவனை முறைத்துப் பார்த்தார்கள். வேறு மாதங்களில் அதே தக்காளி பறிகூலிக்குக் கட்டாமல் செடியிலேயே அழுகும். இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் தோசை விலையை மாதாமாதம் மாற்ற முடியாது. மாற்றினால் சித்தாள் வரமாட்டார். சட்னியின் நிறத்தை மாற்றிச் சமாளிக்கிறார்கள்.

வரியைப் பற்றி ஒரு தம்பி கோபமாகக் கேட்டிருந்தார், ஜிஎஸ்டி பில் கொடுக்காமல் ஏமாற்றுகிறார்கள் என்று. தம்பி, 2017 நவம்பர் 15 முதல் நம் மாதிரி ஓட்டல்களுக்கு வரி 5 சதவீதம். ஆனால் வருஷ வியாபாரம் 20 லட்சத்துக்குள் இருக்கிற கடை பதிவே செய்ய வேண்டியதில்லை. 20 லட்சத்தை 365-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐயாயிரத்து ஐந்நூறுகூட வராது. இண்டூரில் அதற்குள் நிற்கிற கடைகள் உண்டு. பதிவு இல்லாத கடை உங்களிடம் வரி வாங்கத்தான் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற கடையும் பில்லில் தனியாக வரி எழுதி வசூலிக்கக் கூடாது. ஆகவே வரி போடாத பில் எல்லாம் திருட்டு பில் ஆகிவிடாது. கணினியில் அடித்த அழகான பில்லில் பதிவு எண் இல்லாமல் 5 சதவீதம் ஏறியிருந்தால்தான் கேட்க வேண்டும். அப்படி ஒரு பில்லை நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா?

இனி, கோபப்பட வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

தண்ணீர். இது என் தொழிலை ஒட்டியது, கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பாறை பூமி. போர் போட்டால் எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று இறங்குகிறது. வெளியே எடுத்த மோட்டாரைப் பிரித்தால் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். கடை இட்லிக் குண்டானின் அடியில் இருப்பதும் அதே வெள்ளைதான். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது. அவசரக்காரர்கள் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைப் போட்டு வேகவைப்பார்கள். தண்ணீரில் இருக்கும் உப்பு நாக்குக்குத் தெரிந்துவிடும், டீயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். நாக்குக்குத் தெரியாத ஒன்றும் நம் பாறையிலிருந்து தண்ணீரில் கரைகிறது. அதுதான் புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. தருமபுரி மாவட்டத்தில் அதைத் தாண்டிய கிணறும் போரும் ஏராளம். பால்பல் விழுந்து முளைக்கும் பல்லில் பழுப்புக் கோடாக வரும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். உங்களில் பலருக்கும் சிரித்தால் அந்தக் கோடு தெரியும். எனக்கும் தெரியும்.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தோடு சண்டை சச்சரவெல்லாம் கடந்து, 2013-ல் காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் வந்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்புக் குறைப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு கடை வாசலிலும் இரண்டு தண்ணீர் இருக்கிறது, ஆற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும். ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் எந்தத் தொட்டியைத் திறக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நீங்கள் கடைக்கு வந்ததும் "சுடுதண்ணி கொடுங்க" என்று கேட்கிறீர்கள். கிருமியைக் கொல்ல அது நல்லது. புளோரைடு கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். சிலர் பாட்டில் தண்ணீர் வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறீர்கள். சோறு எதில் வெந்தது? அரிசி குடித்த தண்ணீர் எது? சாம்பாரில் பாதி எது? பாட்டில் தண்ணீரை மட்டும் மாற்றி என்ன பிரயோசனம்? அடுத்த முறை வரும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அண்ணா, உலைக்கு எந்தத் தண்ணி?" நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் கடைக்காரர் தனித் தொட்டி வைத்துவிடுவார். நான் சாப்பிடும் கடையில் வைத்தாயிற்று. நாங்கள் கேட்டதைவிட, ஆற்றுத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்து காஸ் மிச்சமானதுதான் அவரை மாற்றியது என்று நினைக்கிறேன். எப்படியோ, நல்லது நடந்தது.

அடுத்தது அந்தச் சிவப்பு. மிளகாய்த் தூள் எண்ணெயில் பொரிந்தால் கருஞ்சிவப்பாகும், ஓரம் கருகும். செம்பருத்திப் பூ நிறத்தில் ஒரு கோழித் துண்டு கொதிக்கும் எண்ணெயிலிருந்து வருகிறது என்றால் அதில் பொடி கலந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, நினைவிருக்கிறதா? துணிக்கும் காகிதத்துக்கும் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்ததால். அடுத்த மாதமே உங்களில் சிலர் வேலை பார்க்கும் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஜூனில் அதைக் கபாப் வகைகளுக்கும் நீட்டினார்கள். பெங்களூரில் நிறம் போடாத கபாப் சாப்பிட்டுப் பழகிவிட்டு, இண்டூரில் வந்து "கலரே இல்ல, சப்புன்னு இருக்கு" என்று எழுதினால், இங்கே ஒழுங்காகச் செய்கிற மாஸ்டர் என்ன செய்வார்? மறுநாள் பொடி டப்பாவைத் திறப்பார். ஒருவர் திறந்ததை நான் பார்த்தேன். அந்த வாரம் கடையில் கூட்டம் கூடியது.

எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு வைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. அளக்கிற கருவி அதிகாரியிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது. ஆனால் சாயங்காலம் பஜ்ஜிக் கடைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். மாவு விழுந்ததும் நுரை சட்டி விளிம்புவரை ஏறி அடங்காமல் நிற்கிறதா, அடுப்பைக் கூட்டுவதற்கு முன்பே புகை வருகிறதா, கரண்டியிலிருந்து எண்ணெய் கொழகொழவென்று வழிகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறோமே, அந்த மையும் வயிற்றுக்குள்தான் போகிறது. செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. தேர்தல் செய்தி அச்சடித்த ஒரு பக்கம் முழுக்க வடையின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்ததை ஒரு முறை பார்த்தேன், தலைவரின் மூக்குக் கண்ணாடி வரை தெளிவாக இருந்தது.

பார்சல்தான் இதிலெல்லாம் பெரிய வழக்கு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கில் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் தடை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், மேசையில் விரிக்கும் தாள், பிளாஸ்டிக் பூசிய தட்டு, டீ கப் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் சாயங்காலம் பரோட்டாக் கடையில் நின்று பாருங்கள். சால்னாவை அடுப்பிலிருந்து நேரே மெல்லிய கவரில் ஊற்றி, காற்றைப் பிடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, ரப்பர் பேண்டைப் போட்டுவிடுகிறார் மாஸ்டர். கண் இமைப்பதற்குள் கவர் பலூன் மாதிரி உப்பி நிற்கும். கையால் தொட முடியாத சூடு. அந்தச் சூட்டில் கவர் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் எழுதியது என்ன? "பார்சலில் சால்னா கம்மி." உங்கள் அம்மா காலத்தில் தூக்குப் போசி கொடுத்துத்தான் கடைக்கு அனுப்புவார்கள். போசி கொண்டுபோனால் சால்னா கூடவே விழும், பரோட்டா மாஸ்டர்களுக்குக் காலிப் பாத்திரத்தைப் பார்த்தால் கை தாராளமாகிவிடும்.

இதையெல்லாம் கல்லாவில் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்கும்போது, பின்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணா, இன்னிக்கு வடை எண்ணெய் சரியில்ல" என்று ஒரு வார்த்தை. முதலாளிக்கு முகம் சுருங்கும், மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போடுவார், நாளைக்கு எண்ணெய் மாறும். கல்லாவுக்குப் பின்னால் உணவுப் பாதுகாப்புத் துறையின் சான்று, 14 இலக்க எண்ணோடு மாட்டியிருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் எட்டிப் பாருங்கள். சொல்லியும் மாறவில்லை என்றால் துறைக்கு எழுதுங்கள், தாராளமாக. ஓசூர் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு, ஊர் திரும்பிய மூன்றாம் நாள் போடும் நட்சத்திரம் கடைக்காரருக்கு வந்து சேர்வதே இல்லை. அவருக்கு அதைப் பார்க்கத் தெரியாது. பார்க்கிறவர் யாரென்றால், ஒகேனக்கல் போகிற கார்க்காரர்.

இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் வயதுக்கு இது கண்ணில் படாமல் போயிருக்கலாம். நம் கடையில் எந்த மேசையில் காலி இருந்தாலும் போய் உட்காருகிறோம். எதிரில் யார் என்று கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளர், கழுவி அதே அடுக்கில் கவிழ்க்கிறார்கள். இது தானாக வந்துவிடவில்லை. டீக்கடையில் ஒரு சாதிக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாதிக்குத் தனிக் குவளை, அதையும் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும் என்று இருந்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. ஓட்டலுக்குள் போக யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொன்னது 1950-ல். 1955-ல் வந்த தீண்டாமை ஒழிப்புச் சட்டம், ஓட்டலில் இருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. டம்ளர் வரைக்கும் சட்டம் எழுத வேண்டியிருந்திருக்கிறது, பாருங்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்து, மறுவருஷம்தான் முடிந்தது. பழங்கதை என்று நினைக்காதீர்கள். நம் தருமபுரி மாவட்டத்திலேயே, 2024 பிப்ரவரியில், தோட்ட வேலைக்குப் போன பட்டியலினப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்ததாக வழக்குப் பதிந்து இரண்டு பேரைக் கைது செய்தார்கள். ஆகவே ஒரு கடையை எடை போடும்போது டம்ளரையும் பாருங்கள். எல்லாருக்கும் ஒன்றா என்று பார்த்தால் போதும், பளபளப்பு அப்புறம்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓசூர்ப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறீர்கள், கேன்டீனில் நூற்றுக்கணக்கான பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். ஊருக்கு வந்தால் மட்டும் பார்சல் வாங்க வாசலோடு நின்றுவிடுகிறீர்கள். அதுவும் தம்பியை அனுப்பி. உள்ளே திரை போட்ட 'பேமிலி ரூம்' ஒன்று இருக்கிறது, அரிசி மூட்டைக்கும் காலி சோடாப் பெட்டிக்கும் நடுவில் ஒரு மேசை. அங்கே போய் ஒளிந்துகொள்ள வேண்டாம். இரண்டு மூன்று பேராக வந்து முன் மேசையில் உட்காருங்கள். முதல் நாள் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சித்தாள் வேலை பார்க்கும் அக்காக்கள் காலையில் அந்த மேசையில்தான் கொத்தனாரோடு சேர்ந்து இட்லி சாப்பிடுகிறார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மதியத்துக்குப் பிறகு மட்டும் அது ஏன் ஆம்பளைகள் மேசை ஆகிவிடுகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியாகக் களி.

இண்டூரைச் சுற்றி ராகி விளைகிறது, சாமை விளைகிறது. வீட்டில் களி கிண்டாத குடும்பம் நம்மில் யார்? ஆனால் கடைக்கு வந்தால் பரோட்டா, பிரைடு ரைஸ், தோசை. ஏன் களி இல்லை என்று நான் முதலாளியிடம் கேட்டேன். "கேட்டா செய்யப் போறேன். யாரு கேக்கறாங்க?" என்றார். உண்மைதான். வீட்டில் தின்பதைக் கடையில் காசு கொடுத்துத் தின்ன நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் பெங்களூரில் உங்களுக்கு வருவதில்லை. அங்கே ராகி முத்தே என்று பலகை போட்ட மிலிட்டரி ஓட்டலில் வரிசையில் நின்று, நாட்டுக்கோழிச் சாறோடு சாப்பிட்டு, படமும் எடுத்துப் போடுகிறீர்கள். பார்க்கிறேன், நன்றாகவே இருக்கிறது. அந்த உருண்டை நம்முடையதைவிடக் கொஞ்சம் மென்மை.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. களி இட்லி மாதிரி ஈடு ஈடாக அவித்து வைத்துக்கொள்ளும் பண்டம் இல்லை. உலையில் ஒரு கை நொய் போட்டு, அது குழைய வெந்ததும் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் குழி போட்டு மூட வேண்டும். குழி வழியாக ஆவி மேலே வந்ததும் இறக்கி, பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு, கட்டி தட்டுவதற்கு முன் கிண்டி முடிக்க வேண்டும். வீட்டுக்கு ஐந்து உருண்டை என்றாலே தோள் விட்டுப் போகும். ஐம்பது உருண்டை கிண்ட எந்த மாஸ்டர் வருவார்? கிண்டியதும் தட்டில் தண்ணீர் தெளித்து உருட்டி, ஆவி பறக்கச் சாப்பிட்டால்தான் களி. ஆறினால் இறுகிவிடும். மறுநாள் மோரில் கரைத்து வீட்டில் குடிக்கலாம், கடையில் யாருக்கு விற்பது? பரோட்டா மாவு ராத்திரி வரை காத்திருக்கும், களி ஒரு மணி நேரம் காத்திருக்காது.

இத்தனைக்கும் சரக்குக்குப் பஞ்சம் இல்லை. 2023-ல் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்கும் திட்டத்தை அரசு முதன்முதலில் தொடங்கிய இரண்டு மாவட்டங்களில் நம்முடையது ஒன்று, மற்றது நீலகிரி. விவசாயிகளிடம் நேரடிக் கொள்முதலும் நடக்கிறது. 2024-25க்குக் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய் என்று ஆதரவு விலை வைத்தார்கள். நிலத்தில் இருக்கிறது, ரேஷனில் இருக்கிறது, வீட்டில் இருக்கிறது. கடை மேசையில் மட்டும் இல்லை. அதனால் தனியாக இருக்கும் அந்தப் பெரியவர்கள், ஆயுசு முழுக்கக் களி தின்று வளர்ந்தவர்கள், மனைவி போன நாளோடு களியையும் விட்டுவிட்டு மூன்று வேளையும் இட்லியிலும் அரிசிச் சோற்றிலும் காலம் தள்ளுகிறார்கள். ஒருவர் என்னிடம், வாயில் ருசி போய்விட்டது என்றார். சர்க்கரை வியாதிக்குக் களி மருந்து என்றெல்லாம் நான் அளக்க மாட்டேன். அவருக்கு வேண்டியது மருந்து இல்லை, களி.

முதலாளியிடம் பேசி ஒரு வழி கண்டிருக்கிறோம். பதினைந்து உருண்டைக்கு ஆள் சேர்ந்தால் அன்றைக்கு மதியம் களி உண்டு. அவருடைய அம்மாவே கிண்டித் தருகிறார், மாஸ்டருக்கு அந்தக் கை வராது. எங்களில் ஏழெட்டுப் பேர் எப்போதும் தயார், மிச்சம்தான் இழுபறி. பொங்கலுக்கு நீங்கள் எல்லாம் வருவீர்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் என்று வைத்துக்கொள்ளலாம். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் கல்லாவில் பெயர் கொடுத்துவிடுங்கள். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல் எப்படியும் இருக்கும், கருவாட்டுக் குழம்பா நாட்டுக்கோழியா என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். கோழி என்றால் முன்பணம் கேட்பார். சரியாக ஒரு மணிக்கு வந்துவிட வேண்டும், ஒன்றரைக்கு வந்து இறுகிப்போச்சு என்று எழுதக் கூடாது.

இப்படிக்கு,
பென்னாகரம் ரோட்டு மோட்டார் பட்டறைக்காரன்,
இண்டூர்.